கெட்டிப் பூச்சு

சூளையிலிருந்து வந்த கம்பித் தடுப்பை விரல் முட்டியால் தட்டி, "பாரு, எவ்வளவு கெட்டி!" என்று எங்கள் சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் இருந்த எங்கள் தொழிற்சாலை, அடுக்குமாடி வீடுகளின் பால்கனித் தடுப்புகளுக்குக் கறுப்புப் பூச்சுப் போட்டுத் தரும் இடம். பெரிய தொட்டித் தண்ணீரில் சாயத் துகள்கள் மிதக்கும். இரும்பை அதில் முக்கி மின்சாரம் கொடுத்தால் துகள்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சூளையில் சுடுவோம்.

பூச்சு மெலிசு என்று ஒருமுறை சரக்கு திரும்பி வந்தது. சூப்பர்வைசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தொட்டியில் சாயப் பசையை மேலும் மேலும் ஊற்றச் சொன்னார். பரிசோதனைக் கூடத்தில் இருந்த நான் தடுத்தேன். துகள் குறைந்தால் பூச்சு மெலியும், உண்மைதான். அளவு மீறினாலோ துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டிகட்டியாகப் படியும். வெளியே தடிப்பாகத் தெரியும், உள்ளே இரும்பைப் பிடிக்காது. சுடும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் விழும்.

"அண்ணே, தண்ணி கெட்டியானா பூச்சு கெட்டியாகாது," என்றேன்.

"கெட்டின்னா கெட்டிதான் லா. நீ ரொம்பப் படிச்சிட்ட," என்றார்.

பாழாய்ப்போன அந்தச் சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள். குழம்பு கெட்டி என்போம், கதவு கெட்டி என்போம். மேலாளரும் தடிப்பை மட்டும் அளந்து பார்த்துவிட்டுச் சரக்கை அனுப்பச் சொன்னார்.

சூப்பர்வைசர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமே. போன மாதம் அவர் காலமான செய்தி கேட்டு, துக்கம் விசாரிக்க பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாவது மாடி. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் பால்கனியில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கம்பி, இவ தவழ்ற வயசுல அவரே பேக்டரியிலேர்ந்து கொண்டாந்து போட்டது," என்றார் அவர் மனைவி.

கறுப்பு மினுமினுப்பு அப்படியே இருந்தது. தடுப்பின் அடியில் மட்டும் லேசான உப்பல். "உள்ள வாம்மா," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன். உப்பலைச் சாவியால் சுரண்டினேன். பூச்சு அப்பளம்போல் பெயர்ந்து வர, உள்ளேயிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது. அந்த அக்கா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். இறந்துபோன கணவர்மேல் கோபப்படவும் அவரால் முடியவில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார். "இதே கம்பி வேற எங்கெல்லாம் போச்சு?"

நான் பால்கனிப் பக்கம் திரும்பினேன். வெளியே மழை விட்டிருந்தது. எதிர் பிளாக்கில் மாடிதோறும் கறுப்புத் தடுப்புகள் மினுங்கின. அதில் ஒன்றின் மேல் முழங்கையை ஊன்றி, ஒரு பெரியவர் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.