மிஞ்சியது ஏன் என்று கேட்டவள்

என் அக்கா, ஹாஜறா ராத்தா, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவளுக்குத் தெரிந்த பௌதிகம் முழுவதும் குசினித் திரைக்குப் பின்னால் நின்று கேட்டதுதான். அவளைக் கட்டிய சியாம் மச்சான் கடலோரச் சாய்ந்தமருதில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வீட்டு முன் அறையில் ரியூசன் கொடுப்பவர். ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு வீட்டுப் பெண் வரமாட்டாள், அதனால் திரை. அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு தொடங்கும், உள்ளே ராத்தா தேங்காய் துருவுவாள். பாடம் சுவைக்கிற இடத்தில் திருவலைச் சத்தம் நின்றுவிடும். நான் அடுத்த வீடு. எங்கள் வழக்கப்படி உம்மாவும் வாப்பாவும் ஒரே வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெண்களுக்கும் வீடு கட்டித்தான் மாப்பிள்ளை எடுத்தார்கள். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு முட்டைகூடப் பொரிந்ததில்லை.

நான் பாடசாலையில் இஸ்லாம் படிப்பிக்கிறேன். மச்சானோடு எனக்கு ஒத்துவராததற்கு அது பாதிக் காரணம்; மற்றப் பாதி என் வாய். சுவிட்சர்லாந்துப் பக்கம் நிலத்துக்கடியில் இருபத்தேழு கிலோமீற்றர் வட்டக் குழாய்க்குள் அணுத் துணிக்கைகளை மோதவிட்டு, உலகம் தொடங்கின கதையைத் தேடுகிறார்கள் என்று அவர் ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அல்லாஹ் ஆகு எண்டான், ஆகிட்டு. இதுக்கு என்னத்துக்கு மச்சான் குழாய்?" என்பேன்.

"எப்பிடி ஆகினதெண்டு பாக்கிறது குத்தமா, றுகையா? அவன்ட வேலையத்தானே பாக்கிறாங்க" என்பார். ஐந்து நேரமும் தொழப் பள்ளிவாசலுக்குப் போகிற மனிதர். அதற்கு மேல் அவரை என்ன சொல்வது?

கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்குத் தூரமான மாவடிப்பள்ளியில் ஒரு கலியாண வீட்டில் நின்றேன். மூன்று வயது மகன் முர்ஷித்தை ராத்தாவிடம் விட்டுப் போயிருந்தேன். அவளுடைய ஒரே மகள் ஆதிலாவுக்கும் அதே வயதுதான். மச்சான் மட்டக்களப்பில். பின்னேரம் ராத்தாவும் முர்ஷித்தும் கிடைத்தார்கள். அடக்கம் செய்ய ஆதிலாவின் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று ராத்தா சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. கேட்கப் பயம் என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவேண்டும். மகனைக் காப்பாற்றித் தந்ததற்கு நேர்ச்சை வைத்து, வருடா வருடம் அதே நாளில் கந்தூரி கொடுத்தேன். மௌலவி வந்து துஆ ஓதுவார், ஊர் வந்து சாப்பிடும். நெய்ச்சோறு ஆக்குவதில் ராத்தாவை அடிக்க ஆளில்லை. அதனால் அவளைத்தான் அடுப்படியில் நிறுத்தினேன். மகள் போன நாளில், என் மகன் தப்பிய சந்தோசத்துக்கு அவள் சோறு ஆக்கினாள். எட்டு வருடம். எனக்கு ஒருமுறைகூட உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

ஒன்பதாவது கந்தூரிக்கு இரண்டு நாள் இருக்க, அரிசிக் கணக்குக் கேட்க அவள் குசினிக்குப் போனேன். முன் அறையில் மச்சானின் குரல் கேட்டது. தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரியாக இருந்தன, ஒன்றையொன்று தொட்டு இரண்டும் அழிந்தன, நூறு கோடியில் ஒன்று மட்டும் மிஞ்சியது, அந்த மிச்சம்தான் இந்தக் கடலும் நாமும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராத்தா திருவலையை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள். வகுப்பே கேட்கக் கேட்டாள்:

"மிஞ்சினது, நல்லதெண்டதாலயா மிஞ்சின?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"இல்ல. ரெண்டும் ஒரே மாதிரித்தான். ஒண்டு ஏன் மிஞ்சினதெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியா. அதத்தான் அங்க தேடுறாங்க."

ராத்தாவின் முகம் தெளிந்ததை நான் கண்டேன். ஒன்பது வருடமாக நான் ஓதிக் கொடுத்த எதுவும் அந்த முகத்தில் செய்யாத வேலையை, தெரியாது என்ற ஒரு சொல் செய்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அல்லாஹ்ட நாட்டம் எண்டு சொல்ல உனக்கு வாய் வராதா ராத்தா? என்ட மகன அவன் நாடித்தான் காப்பாத்தினான்" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. "நாடினானெண்டா, என்ட கையாலயா நாடினான்?" என்றாள். "ரெண்டு கையிலயும் ரெண்டு பேர். தென்னையப் புடிக்க ஒரு கை வேணும். தண்ணிக்குள்ள எந்தக் கையில யார் எண்டு தெரியல்ல. ஒரு கைய விட்டன். பாத்து விட்டிருந்தா உன்ட மகனத்தான் விட்டிருப்பன், றுகையா."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கந்தூரி அந்த வருடம் நடக்கவில்லை, பிறகும் நடக்கவில்லை. அரை வருடம் அவளோடு நான் கதைக்கவில்லை. அவள் சொன்னது எனக்கு ஆறவில்லை. அவள் இடத்தில் நான் என்றால் நானும் அதையேதான் செய்திருப்பேன், அதுதான் ஆறவிடவில்லை. பிறகு கதைத்தோம், மேலுக்கு மேலே. மச்சான் பேப்பரைக் கையில் எடுத்தால் போதும், "அங்க கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று அவள் கேட்பது என் குசினிவரை கேட்கும். "இன்னும் இல்ல" என்பார்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. முர்ஷித்துக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் கொண்டு வந்ததும் அவன்தான். கடைசி நாட்களில் அவனைக் கிட்ட அழைத்து, மௌத்தாகும் முன் எல்லாரும் கேட்கிற மன்னிப்பைக் கேட்டாள்.

"என்னப் பொருந்திக்க மகன்."

"பொருந்திட்டன் பெரியம்மா" என்றான் அவன். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அவன் வெளியே போனதும் என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே சொன்னேன்: "நான் என்னத்த ராத்தா பொருந்துற? அண்டைக்கு நீ பாத்து விட்டிருந்தா எனக்கு மகன் இல்ல."

"ஓம்" என்றாள். "பாக்காததாலதான் எனக்கு மகள் இல்ல."

அதற்கு, எல்லாம் அவன் நாட்டம் என்று, இஸ்லாம் பாடத்தில் பதில் இருக்கிறது. எத்தனையோ வருடமாக நானே அதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவள் மூன்று நாள் உயிரோடு இருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் பக்கத்திலேயே இருந்தேன், அதை என்னால் சொல்ல முடியவில்லை.