லெமுவேல் பாஸ்கமின் தாராள மனசு

கான்சஸ் சிட்டியில் லெமுவேல் பாஸ்கமைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது 'தாராள மனசுக்காரர்' என்ற பட்டம்தான். சாக்ஸபோன் ஊதுகிற ஒருவருக்கு அந்த ஊரில் இப்படியொரு பெயர் கிடைப்பது லேசில்லை. அங்கே சாக்ஸபோன்காரர்கள் மேடையேறினால் இறங்குவதில்லை. ஒருவர் ஊதி முடிப்பதற்குள் முறைக்குக் காத்திருப்பவருக்குத் தாடி வளர்ந்துவிடும்.

லெமுவேல் பகலில் இறைச்சி ஆலையில் பன்றித் தொடைகளைக் கொக்கியில் மாட்டுவார். சாயங்காலம் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவி, தலையில் வாசனை எண்ணெய் தடவி, எங்கே மேடை கிடைக்கிறதோ அங்கே ஊதுவார். ஊதலில் குறை சொல்ல முடியாது. உருகும்படியாகவும் எதுவும் இல்லை. நன்றாக இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

ஊரே விரும்பிக் கேட்கும் நிலாப் பாட்டு ஒன்று இருந்தது. நியூயார்க்கில் ஏதோ ஒரு நாடகத்துக்காக எழுதியது. கதாநாயகி படகில் உட்கார்ந்து பாடுவாளாம். ஒரு நாள் அட்டை நிலா கழன்று அவள் தலையிலேயே விழுந்தது என்பார்கள். நாடகம் ஒரு வாரத்தில் படுத்துவிட்டது; பாட்டு மட்டும் யார் யார் கையிலோ ஏறி, வேகம் மாறி, குணம் மாறி, கடைசியில் இந்த ஊர் வாத்தியக்காரர்களின் சொத்தாகிவிட்டது. அதை வாசிக்கத் தெரியாதவனை மேடைப் படியில்கூட உட்கார விடமாட்டார்கள்.

இந்த வகைப் பாட்டுகள் எல்லாம் ஒரே கொத்தனார் கட்டிய வீடுகள் போலிருக்கும். முதலில் ஒரு மெட்டு. அதையே இன்னொரு தரம். பிறகு பாட்டு சொல்லாமல் கொள்ளாமல் வேறு பக்கம் கிளம்பிப் போகும். அந்த நடுப்பகுதியைப் பாலம் என்பார்கள். அது முடிந்ததும் பழைய மெட்டு திரும்ப வரும். லெமுவேலுக்கு முன்னாலிருப்பது தெரியும், பின்னாலிருப்பது தெரியும். பாலம் தெரியாது.

அவர் பாட்டைக் கற்றது பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து, ஜன்னல் வழியாக. பாலம் வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு உணர்ச்சி பொங்கிவிடும், கூடவே பாடுவார். அந்த மனிதருக்கும் சுருதிக்கும் ஏழு தலைமுறைப் பகை.

முதல் முறை மேடையில் நிலாப் பாட்டு வாசித்தபோது, பாலத்தின் விளிம்பில் லெமுவேல் நின்றுவிட்டார். வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பியானோக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். காப்பாற்று என்று அர்த்தம். பியானோக்காரர் அதை 'நீங்கள் வாசியுங்கள் ஐயா' என்று எடுத்துக்கொண்டார். ஊது வாத்தியக்காரர்கள் தின்று போட்ட எலும்பையே நக்கிக்கொண்டிருந்த ஜாதி அது. அவர் கண் கலங்க வாசித்தார். சபை கைதட்டியது.

அதன்பின் லெமுவேல் எல்லாப் பாட்டிலும் பாலத்தைக் கொடுத்துவிடுவார். தெரிந்த பாட்டிலும்தான். ஒரு பாட்டில் மட்டும் கொடுத்தால் எவனாவது யோசிப்பானே. கை நீட்டும் அழகு வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அவரே தன் தாராளத்தை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கையை நம்பிய இன்னொருவர் ஜெனோபியா டேட். முடி அலங்காரக் கடை வைத்திருந்தார். தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி லெமுவேல் அவரிடம் கேட்டிருந்தார். அவருடைய மறைந்த கணவர் ரூஃபஸ் டிரம்பெட் ஊதியவர். மேடையில் மற்றவர்கள் இருப்பதே ரூஃபஸின் கண்ணில் படாது.

"வீட்டுலயும் அதே கதைதான்," என்றார் ஜெனோபியா. "பேசினா அவரு மட்டும்தான் பேசணும். பதினோரு வருஷம் எனக்கு 'ம்' கொட்டுற வேலை. நீங்க அடுத்தவங்களுக்கு எடம் விடுறீங்க லெமுவேல். அது ஒண்ணுக்காகத்தான் யோசிக்கிறேன். ஞாயித்துக்கிழமை டான்ஸ் முடிஞ்சதும் பதில் சொல்றேன்."

லெமுவேலுக்கு ஆசை அண்டத்தை முட்டியது. ஐம்பதை நெருங்கும் வயதில், அறைக்குத் திரும்பினால் காலுறை காய்கிற கயிறு மட்டும் வரவேற்கிற வாழ்க்கை அவருக்கு அலுத்துவிட்டிருந்தது.

ஞாயிறு மதியம் வாத்தியக்காரர்கள் சங்கக் கூடத்தில் டான்ஸ். சமையலறையில் கெளுத்தி மீன் பொரியும் மணம். லெமுவேல் மேடையேறினால், பியானோவின் மூடி பூட்டியிருக்கிறது. போன வாரம் யாரோ அதன்மேல் பீர் டம்ளரை வைத்துவிட்டார்களாம். பியானோவைத் தானமாகக் கொடுத்த சர்ச் டீக்கன் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பிரசங்கத்துக்குப் போய்விட்டார்.

பியானோக்காரர் எல்ஸ்வொர்த்துக்கு வருத்தம் அதிகமில்லை. ஒரு தட்டு நிறைய மீனோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்குத்தான்டா நான் சூடா சாப்பிடுறேன்," என்றார்.

மேடையில் மிஞ்சியது லெமுவேல், பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் ஹோபார்ட், ஒரு டிரம்ஸ்காரர். நாலைந்து பாட்டு நல்லபடியாகப் போயின. பிறகு ஜெனோபியா எழுந்து, "நிலாப் பாட்டு!" என்றார்.

முதல் மெட்டு. மறுபடியும் அதே மெட்டு. பாலம் வந்தது. பழக்க தோஷத்தில் லெமுவேலின் கை அழகாக நீண்டது, பூட்டிய பியானோவை நோக்கி. முன்வரிசையில் எல்ஸ்வொர்த் வாய் நிறைய மீனோடு தோளைக் குலுக்கினார். கை அப்படியே வளைந்து ஹோபார்ட்டிடம் போனது. ஹோபார்ட் கண்ணை மூடிக்கொண்டு பாலத்தை உருட்டித் தள்ளினார். அடுத்த சுற்றில் லெமுவேல் டிரம்ஸ்காரருக்குக் கொடுத்தார். அவர் எதையெதையோ உடைத்தார்.

மூன்றாவது சுற்றில் கை மறுபடி ஹோபார்ட் பக்கம் போனபோது அவர் வாசிப்பதை நிறுத்தியே விட்டார். "அண்ணே, எனக்கு விரல் தோல் உரியுது. உன் தாராளத்துக்கு ஒரு அளவில்லையா? நீயே ஊதேன்!"

கூடம் சிரித்தது. ஜெனோபியா மேடையருகே வந்துவிட்டார். "ஊதுங்க லெமுவேல். இன்னிக்கு ஒரு தடவ உங்களுக்குன்னு எடுத்துக்குங்க. நான் கேக்கணும்."

இடுப்பில் கை போட்டபடி ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். லெமுவேல் சாக்ஸபோனை வாயில் வைத்தார். எடுத்தார். சாக்ஸபோனின் சீவாளி கெட்டுவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தார். மயங்கி விழலாமா என்றும் யோசித்தார்; தரை அழுக்காக இருந்தது. ஜெனோபியாவின் முகத்தைப் பார்த்தபிறகு பொய் சரளமாக வரவில்லை.

"எனக்கு அது தெரியாது," என்றார்.

"எது?"

"அந்த நடுவுல வர்றது. எப்பவுமே தெரியாது. அதனாலதான் எல்லாருக்கும் கொடுத்தேன்."

எல்ஸ்வொர்த் தட்டைக் கீழே வைத்தார். "அடப்பாவி! போன வருஷம் உன் நல்ல குணத்தப் பத்தி சர்ச்சுல எழுந்து நின்னு பேசினேனேடா!"

யாரோ விசிலடித்தார்கள். லெமுவேல் சாக்ஸபோன் பெட்டியைத் தேடிக் குனிந்தார்.

"எங்க கிளம்புறீங்க?" ஜெனோபியாவின் குரலில் சூடு இருந்தது. "என் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் உங்க மனசு தங்கம்னு சொல்லி வச்சிருக்கேன். என் மானமே போச்சு. இருங்க."

லெமுவேல் குனிந்தபடியே இருந்தார்.

"ரூஃபஸுக்கும் இது தெரியாது," என்றார் ஜெனோபியா, எல்லோருக்கும் கேட்கும்படி. "வாய்க்கு வந்ததச் சத்தமா ஊதிட்டு, இது புது ஸ்டைல்னு சொல்லுவாரு. தெரியாதுன்னு ஒரு ஆம்பள வாயால இன்னிக்குத்தான் கேக்குறேன். கொஞ்சம் லேட்டாத்தான் சொன்னீங்க, இருந்தாலும் சொன்னீங்க." மேடைப் படியில் ஏறி நின்றார். "நான் பாடுறேன். பின்னாலயே வாங்க."

அவர் வார்த்தையில்லாமல் பாடினார். லெமுவேல் பின்னால் போனார், இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி. இரண்டாவது சுரத்திலேயே தவறினார்.

"அங்க இல்ல. கீழ."

மறுபடியும் தவறினார்.

"இன்னும் கீழ. காது எங்க இருக்கு?"

"ஏம்மா," என்று ஆடுகிறவர்களில் ஒருவர் கத்தினார், "நாங்க ஆடறதா, போய் சாப்பிடறதா?"

"நின்ன எடத்துலயே நில்லுங்க!" என்றார் ஜெனோபியா. பிறகு லெமுவேல் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "இங்க பாதி கத்துக்கிட்டாப் போதும். மிச்சத்த வீட்டுல பாத்துக்கலாம்."

"யாரு வீட்டுல?" என்று கேட்டார் லெமுவேல். அவருக்கு எதுவுமே மெதுவாகத்தான் உறைக்கும்.

"உங்க அறையில ஒரு நாற்காலிதானே இருக்கு? என் வீட்டுலதான். ஊதுங்க."