சவேரி அண்ணன் பிக்கப்பும் சூடு காட்டும் முள்ளும்

பிக்கப் வண்டியில் சென்சார் தேடுகிற வேலையில், பாதி நேரம் வண்டிக்காரர் சொல்லும் கதையைத் தாண்டி வருவதற்கே சரியாகப் போய்விடும். ஷெட்டில் கை கருத்தவர்கள், வண்டியை விட்டுவிட்டு பெஞ்சில் காத்துக் கிடந்தவர்கள், இரண்டு கட்சிக்கும் இது தெரியும். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். காரணம் கேட்காதீர்கள், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ராமநாதபுரம் பைபாஸ் ஓரம் சித்தப்பாவின் மெக்கானிக் ஷெட்டில் ஒன்றரை வருசமாக வேலை பார்க்கிறேன்.

இங்கே சொல்லப்போவது எல்லாம் ஒரே வண்டியைப் பற்றி. தங்கச்சிமடம் சவேரி அண்ணனின் பழைய பிக்கப். மதுரைக்கு நண்டு லோடு அடிக்கும். ஏற்கெனவே ஒருமுறை சூடாகி, இஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்து இழைத்து மாட்டியது. இன்னொரு தடவை அப்படிச் சூடானால் இஞ்சினை எடைக்குத்தான் போட வேண்டும். அவருக்கு வேறு வண்டியும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

எந்த சென்சார்?

வண்டியை நிறுத்தும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார். "சத்திரக்குடி வந்தா முள்ளு செவப்புக்குப் போயிருது. சூடு பாக்குற சென்சார் அவுட்டு. மாத்திரு." எந்த சென்சார் என்று கேட்டேன். முறைத்தார். ஒரு வண்டிக்கு ஒரு சென்சார்தான் என்று நம்பாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இவர் வண்டியில் சூடு பார்ப்பது மட்டும் மூன்று. தெர்மோஸ்டாட் மூடிக்குப் பக்கத்தில் இரண்டு ஒயரோடு இருப்பது, இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வது. அதற்குப் பின்னால் சந்துக்குள் ஒற்றை ஒயரோடு இருப்பது மீட்டர் முள்ளுக்கு. மூன்றாவது காற்றுக் குழாயில். உள்ளே போகிற காற்றின் சூட்டை மட்டும் பார்க்கும், தண்ணீர் கொதித்தாலும் அதற்குக் கவலையில்லை.

சித்தப்பாவின் கை அந்தச் சந்தில் நுழையாது, என் கை நுழைந்தது. ஒயர் முனை கடல்காற்றில் பச்சை பூத்திருந்தது, சுரண்டிச் சுத்தம் செய்தேன். சென்சாரைக் கழட்டி சுடுதண்ணீரில் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். அது சரியாகத்தான் சொல்கிறது, வண்டி நிஜமாகவே சூடாகிறது என்றேன். சவேரி அண்ணன் என்னை விட்டுவிட்டு சித்தப்பா பக்கம் திரும்பினார். "அண்ணே, பாப்பா சின்னப்புள்ள. சென்சார்கிட்டயே போயிக் கேட்டா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லத்தான் செய்யும். நீங்க பாருங்க."

மச்சானின் வீடியோ

அடுத்த தடவை தன் மச்சான் ஜஸ்டினோடு வந்தார். மச்சான் வளைகுடாவில் டிரைவர், லீவில் வந்திருக்கிறார். வண்டி கரும்புகை தள்ளிக்கொண்டு வந்தது. போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே சென்சாரைக் கண்டுபிடித்து, கழட்டி, ஒயருக்கு டேப்பும் சுற்றிவிட்டாராம். எதைக் கழட்டியிருக்கிறார் என்று பார்த்தேன். அந்த மூன்றாவது, காற்றுக் குழாயில் இருப்பது.

வீடியோவை வாங்கிப் பார்த்தேன். வண்டிப் பெயர் அதேதான். ஸ்டியரிங் இடது பக்கம். "அங்கன ரோடு அப்புடி. அதுக்காக இஞ்சின் மாறிருமா?" என்றார் ஜஸ்டின். மாறும், அது பெட்ரோல், இது டீசல் என்றேன். சென்சாரைத் திருப்பி மாட்டினேன், புகை நின்றது. முள் மட்டும் பழையபடி ஏறியது. மச்சான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "துபாய்ல வண்டி சூடாகுற பேச்சே கெடையாது பாப்பா. அங்கன எல்லாத்துக்கும் ஏசி."

நாற்பது மூஞ்சி

மூன்றாவது தடவை பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் எல்லாம் பார்த்தோம். ஒன்றிலும் குறையில்லை. கை துடைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. முன்பக்கம் முழுக்க பிளெக்ஸ் பேனர். சவேரி அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம். வெள்ளை கவுனில், கையில் மெழுகுவர்த்தியோடு பிள்ளை, சுற்றி நாற்பது சொந்தக்காரர் மூஞ்சி. கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். ரேடியேட்டருக்குப் போக ஒரு விரல் கடை காற்றுக்குக்கூட வழியில்லை. மூன்று தடவையும் எல்லோரும் அதைப் பார்த்தோம். எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வண்டி முகத்தில்தான் போகும். யார் அதைக் கவனிக்கிறார்கள்?

கழட்டுங்கள் என்றேன். "எம் மக மூஞ்சியக் கழட்டிக் கீழ போடச் சொல்றியா?" என்று பாய்ந்தார். பிறகு சித்தப்பாவிடம் தணிந்து, "முள்ள மட்டும் எறக்கி விடுங்கண்ணே, அதப் பாத்தாத்தான் படபடன்னு வருது" என்றார். சித்தப்பா யாருக்கும் இல்லையென்று சொல்லமாட்டார். குறடை விட்டு ஒற்றை ஒயரைப் பிடுங்கிவிட்டார். முள் அடியில் போய்ப் படுத்தது. இஞ்சின் உருகினாலும் இனி இது எழுந்திருக்காது என்று கத்தினேன். சித்தப்பா என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "ஏத்தா, கஸ்டமர் கேக்குறதச் செய்யி, வண்டி கேக்குறதச் செய்யாத."

பிடுங்கின ஒயர்

இருவரும் டீ குடிக்கப் போனார்கள். நான் கையை விட்டு ஒயரை மறுபடி மாட்டினேன். தைரியமெல்லாம் இல்லை, எரிச்சல்தான்.

மறுநாள் காலை லோடோடு போனவர், சத்திரக்குடி தாண்டி சித்தப்பா போனுக்கு அடித்தார். நான் எடுத்தேன். "பாப்பா, ஒயரே இல்லாம முள்ளு செவப்புக்கு ஏறுது! வண்டிக்குள்ள என்னமோ பெருசா ஆகிப்போச்சு!" ஒயர் இருந்தபோது மூன்று தடவை ஏறியது, மனுசர் நம்பவில்லை. ஒயர் இல்லையென்று நினைத்தபோதுதான் நம்பி ஓரங்கட்டியிருக்கிறார். இஞ்சினை அணையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், முதலில் பிளெக்ஸை அறுங்கள் என்றேன். வலை அறுக்கிற கத்தியால் அறுத்தார். ஆறவிட்டு வண்டியை எடுத்தார். மதுரை போய்ச் சேரும்வரை முள் பாதியைத் தாண்டவில்லை. நண்டும் பிழைத்தது, ஹெட்டும் பிழைத்தது.

திரும்பி வருகிற வழியில் ஷெட்டுக்கு வந்தார். மடித்த பிளெக்ஸ் பக்கத்து சீட்டில் இருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன், மடச்சி. இறங்கி, பானட்டைத் தூக்கி, மாட்டியிருந்த ஒயரைச் சித்தப்பாவுக்குக் காட்டிச் சொன்னார்: "ஒங்க கடையில ஒரு ஒயரப் புடுங்கச் சொன்னாக்கூட ஒழுங்காப் புடுங்கமாட்டேங்குறீங்களேண்ணே!"

இந்த ஒன்றரை வருசத்தில் என் கைக்கு வந்த சென்சார்களில் நிஜமாகவே கெட்டுப்போனவை ஒன்றோ இரண்டோதான், மற்றதெல்லாம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காகக் கழட்டப்பட்டவை.