மங்கலத்துக்கு மஹராகப் போன தினார்

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரை அடுத்த மங்கலத்தில் நண்பன் யூசுப்புக்கு நிக்காஹ். அவன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மணப்பெண்ணுக்கு மஹராகக் கொடுப்பது ஒரே ஒரு பழைய தங்க தினார். அதிலுள்ள அரபு எழுத்தைப் படித்துச் சொல்கிறேன் என்று ஒரு மாதம் முன்பு வீராப்பாக வாங்கி வந்தவன் நான். பதினொன்றரைக்குள் அது அங்கே இருந்தாக வேண்டும்.

காலை 6.40க்குக் கோவையில் பேருந்து, டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பிக்பாக்கெட் பயத்தில் பனியனின் உட்புறம் பை தைத்து அதில் வைத்திருந்தேன். ஐம்பது கிலோமீட்டரும் கை நெஞ்சிலேயே இருந்தது. பக்கத்து சீட்காரர், "நெஞ்சு வலிங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

திருப்பூரில் இறங்கியதும் மழை. சித்தப்பா மகன் செந்திலின் பனியன் கம்பெனிக்கு ஓடினேன். நனைந்த பனியனை நாற்காலியில் போட்டுவிட்டுக் குளித்து வந்தால், பனியனைக் காணோம். பனியன் கம்பெனியில் பழைய பனியன் கிடந்தால் அது வேஸ்ட்தானே! யாரோ கட்பீஸ் மூட்டையில் திணித்துவிட்டார்கள். மொத்தம் பதினோரு மூட்டை.

"பயப்படாதீங்ணா, நீடில் டிடெக்டர்ல விட்டாக் கத்திரும்" என்றான் செந்தில். துணியில் சிக்கிய உடைந்த ஊசியைக் கண்டுபிடிக்கும் மெஷின் அது. மூன்று மூட்டைத் துணி போயும் சத்தமே இல்லை. மணி பத்து.

செக்கிங் வேலை பார்க்கும் செல்வி அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அது இரும்புக்குத்தானுங்க கத்தும். நீங்க தேடறது தங்கமுங்களே?"

செந்தில் அசடு வழிந்தான். அக்கா மூட்டைகளைக் கையால் துழாவ ஆரம்பித்தார். ஏழாவது மூட்டையில் கை நின்றது. "இதுங்களா பாருங்க." அழுதே விட்டேன்.

ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. மங்கலம் பத்து கிலோமீட்டர். 11.10க்குப் போய்ச் சேர்ந்தேன்.

"பத்திரமாக் கொண்டாந்தீங்களா கண்ணு?" என்றார் யூசுப்பின் அம்மா.

"பத்திரமாங்கம்மா."

மணப்பெண் ஆயிஷா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன்: ஒரு பக்கம் நடுவில், இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை. மறுபக்க ஓரத்தில், இறைவன் பெயரால் இந்த தினார் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது. அரசன் பெயரும் ஊரும் கிடையாது. ஆண்டு இருந்த இடத்தில் முன்னோர் யாரோ சங்கிலிக்காக ஓட்டை போட்டிருக்கிறார்கள். "நான் ஓட்டை போட மாட்டேனுங்க" என்றார் ஆயிஷா.

இப்படி எதையாவது எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு: முதல் நாளே போய்விடுங்கள். வழியில் எங்கும் சட்டை மாற்றாதீர்கள்.

யூசுப், இதை நீ படிப்பாய். வெள்ளிக்கிழமை வருகிறேன். பனியன் தொலைந்த கதையை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திவிடாதே.