வாங்கியதைத் திருப்பித் தராத பெட்டி

கச்சிராயபாளையம் ஷீபாவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் நிரல் எழுதும் வேலை. அவள் அக்கா டயானா கல்வராயன் மலைமேல் நர்ஸ். பிரசவத்தில் சிக்கல் என்றால் கள்ளக்குறிச்சி டாக்டரைத் திரையில் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்லத்தான் டயானா கை வைப்பாள். அந்த இன்டர்நெட் லைனைப் பிடித்துத் தருவது ஒரு சின்னப் பெட்டி. மழை வலுத்தால் அது விறைத்துப் போய்விடும். அணைத்துப் போட்டு அது எழுந்து வருவதற்குள் அங்கே உயிர் ஊசலாடும். மாற்றிக் கொடுத்த புதுப் பெட்டியும் அதையேதான் செய்தது.

பெட்டிக்குள் ஓடும் டிரைவர் என்கிற நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஷீபா திறந்தாள். லைன் வரும்போதெல்லாம் அது மெமரியில் இடம் வாங்கியது. அறுந்தால் திருப்பித் தராமல், மறுபடி வந்ததும் புதிதாக வாங்கியது. இடமெல்லாம் தீர்ந்ததும் பெட்டி விறைத்தது. லைன் அறுந்துபோகாத ஊர்களில் இது யார் கண்ணிலும் படவில்லை. மலையின் காற்றும் மழையும்தான் காட்டிக் கொடுத்தன.

அறுந்த உடனே இடத்தைத் திருப்பித் தரும்படி எழுதி, கழித்துப் போட்ட பழைய பெட்டியில் ஏற்றி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள். பெட்டி அப்போதே செயலற்று விழுந்தது. இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்த தகவலை வைக்க இடமில்லை. போனில் கேட்ட டயானா சிரித்துவிட்டாள்.

"ஏண்டி, திருநாள்ல சனம் துன்னுகினு இருக்கும்போதே அண்டாவ கழுவப் போட்டியே, அதே வேலையா?"

ஷீபாவுக்குச் சுருக்கென்றது. திருநாள் பந்திக்கு வாங்கிய மாதா கோயில் பாத்திரங்களைத் திருப்பி ஒப்படைக்க ஒரு முறை உண்டு. பந்தியை நிறுத்தி, இலை எடுத்த பிறகுதான் பாத்திரத்தில் கை வைக்கலாம். கடைசியாக வாங்கிய கரண்டி முதலில் போகும், முதலில் வாங்கிய அண்டா கடைசியில். நிரலையும் அப்படியே எழுதினாள்: தகவல் வரத்து நிற்கட்டும், பிறகு வாங்கியதெல்லாம் பின்னிருந்து ஒவ்வொன்றாகப் போகட்டும். இந்த முறை பெட்டி விழவில்லை; திருத்தத்தை அனுப்பிவைத்தாள்.

எங்கோ கடல் தாண்டி அந்த நிரலைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு குறை சொன்னார். ஒன்றைத் திருத்தினாள், மற்றதை விட்டுக்கொடுக்காமல் காரணம் எழுதினாள். அவர் ஏற்றுக்கொண்டார். திருத்திய நிரல் அக்காவின் பெட்டியிலும் ஏறியது.

ஐப்பசி அடைமழையில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை. லைன் அறுந்தது, வந்தது, மறுபடி அறுந்தது. ஷீபா போனைக் கையில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தபடியே இருந்தாள். கடைசியில் மணி அடித்தது.

"டாக்டர் மூஞ்சி போய்ப் போய் வந்துகினே இருந்துச்சுடி. ரத்தம் நின்னுடுச்சு."

ஷீபா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே மேகம் மலையை மூடியிருந்தது. அதற்குள்ளேயும், அவள் பேர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலும், அவள் எழுதிய வரிகள் வாங்கியதைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும்.