ஆற்றில் விட்ட டேங்க் கிளீனர்

காலை ஆறு பத்து. பேராதனைப் பாலத்துக்குக் கீழே முதலில் தெரிந்தவை வலையின் மிதவைகள். மகாவலி ஆறு பனிமூட்டத்துக்குள் இருந்தது; மறுகரை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்ற நண்பர் பாதி உடம்போடு மிதப்பவர் போலிருந்தார். கம்பளையில் துணிக்கடை வைத்திருப்பவர். ஆற்றுக்குள் வந்து சேரும் வெளிநாட்டு மீன்களைக் கண்காணிக்கும் எங்கள் தொண்டர் குழுவில் வலை அவர் பொறுப்பு. அப்படிப் பிடிபடுவதை நாங்கள் திரும்ப விடுவதில்லை. ஐஸில் போட்டுக் கொன்றுவிடுவோம்.

வலையில் கறுப்பாக ஒன்று ஏறியது. டேங்க் கிளீனர். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வீடுகளில் வாங்கி வளர்ப்பது. ஆற்றில் பெருகினால் இங்குள்ள மீன்களின் முட்டைகளையும் விட்டுவைக்காது.

"வூட்டுல நல்லாத் தீன் போட்டு வளத்தீக்கி. தொப்பையப் பாருங்க, என்னய மாதிரி," என்றார் நண்பர்.

"நானா, அத கொன்னுடாதீங்க!"

கரையில் எங்கள் குழுவைச் சேர்ந்த பெண் நின்றார். நண்பரை அவர் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார். தோளில் ஆஸ்பத்திரிப் பை. அன்று காலை அவருடைய கணவருக்குக் கண்டியில் இருதய சத்திரசிகிச்சை. முந்தின மாலை அந்த மீனை ஆற்றில் விட்டவர் அவர்தான். ஓர் உயிரை விடுதலை செய்தால் அந்தப் புண்ணியம் நோயாளியைக் காக்கும் என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் விடுவிக்க இருந்த உயிர் அது ஒன்றுதான்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

"தெரியும் சார். நேத்து மட்டுந்தான் தெரியல. இன்னிக்கு இது செத்துட்டா..."

நண்பர் மீனை வலையிலிருந்து பிரித்து ஆற்றுத் தண்ணீர் நிறைத்த வாளியில் போட்டார்.

"ஆத்துல உட ஏலா, தங்கச்சி. ஆனா அவரு ஒப்பரேஷன் தியேட்டரால வெளிய வாற வரைக்கும் இத மௌத்தாக்கவும் மாட்டேன். போதுமா? ஏறுங்க ஓட்டோவுல."

கண்டிக்குப் போகும் வழியில் கெட்டம்பே தாண்டும்போது பனி ஓட்டோவுக்குள்ளும் வந்தது. வாளி என் கால்களுக்கிடையில். நாங்கள் மூவரும் ஆற்றின் அடியில் போய்க்கொண்டிருப்பது போலவும், மீன் மட்டும் வெளியே இருப்பது போலவும் தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலர் வாளியை எட்டிப் பார்த்து, நோயாளிக்குச் சமைக்கவா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, நோயாளியின் சொந்தக்காரர் என்றார் நண்பர்.

அந்தப் பெண் உள்ளே போனார். நாங்கள் வெளியே மரத்தடியில் இருந்தோம். மீன் வாளியின் சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. செவுள் அசைகிறதா என்று மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். கடை திறக்கும் நேரம் கடந்தும் நண்பர் எழவில்லை.

மதியத்துக்குப் பிறகு தொலைபேசி அழைப்பு வந்தது. கணவரைத் தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை.

நண்பர் மீனுக்குப் புதுத் தண்ணீர் எடுத்து வரப் போனார்.