பாதுவாவில் நான் செய்த மொழிபெயர்ப்பு

சுவிஸின் டீட்டிகோனில் பஸ் ஏறும்போது நான் மனைவிக்குத் துணையாகப் போகும் ஒரு சைவன், அவ்வளவுதான். மனைவி மன்னார்க் கத்தோலிக்கர். வருடாவருடம் நம்மவர்கள் இத்தாலியிலுள்ள பாதுவாப் புனிதரிடம் போகும் யாத்திரை அது. கோத்தார்ட் சுரங்கத்தைத் தாண்டுவதற்குள் என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள்.

ஜெர்மன் தெரிந்த வழிகாட்டிக்குக் காய்ச்சலாம். கிடைத்த மற்றவருக்கு இத்தாலிய மொழி மட்டுமே வருமாம். யாத்திரையை ஒழுங்கு செய்த அண்ணை மைக்கைப் பிடித்தார்.

"ஆருக்காவது இத்தாலியன் தெரியுமோ?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மனைவி கையை உயர்த்தினார்.

"இவருக்குத் தெரியும். ஆறு வருசம் பிஸ்ஸாக் கடைக் குசினியிலை நிண்டவர்."

பிழை என்னுடையது. வீட்டில் அவ்வளவு அளந்திருக்கிறேன். உண்மையில் எனக்குத் தெரிந்தவை வெங்காயம், கத்தி, சூடு, கெதியாய், அவற்றோடு அச்சில் ஏற்ற முடியாத சில சொற்கள்.

பாதுவாவில் காத்திருந்த வழிகாட்டி சிவப்புக் கண்ணாடி போட்ட, ஓய்வுபெற்ற ஆசிரியை. முதலில் ஓவியங்களுக்குப் பேர்போன ஒரு சிற்றாலயம். உள்ளே விடுவதற்கு முன் எங்களைக் கண்ணாடி அறை ஒன்றில் கால்மணி நேரம் இருத்தி வைத்தார்கள். எங்கள் மூச்சும் தூசியும் அடங்க வேண்டுமாம். ஆசிரியை அந்தக் கால்மணி நேரமும் பேசினார். 'அப்பா', 'நீலம்' இரண்டும் எனக்குப் பிடிபட்டன. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"மகன் தகப்பனுக்காகக் கட்டினதாம். தகப்பனுக்கு நீலம் எண்டால் உயிராம்."

உள்ளே போனால் கூரை முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அறாவட்டி வாங்கிய தகப்பன் நரகத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில் மகன் கட்டினான் என்று சொல்லப்படுவதைப் பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்கிருந்த துணிவைச் சொல்லி மாளாது.

அந்தத் துணிவோடு பேராலயத்துக்குப் போனேன். நாங்கள் தேடி வந்த புனிதரின் பெயரை அந்த ஊர்க்காரர் சொல்வதுகூட இல்லை, 'புனிதர்' என்றாலே அவர்தான். பொன் பேழை ஒன்றின் முன் ஆசிரியை குரலைத் தாழ்த்தி, 'லிங்குவா' என்றார். அட, இது தெரிந்த சொல்! எங்கள் கடையில் சனிக்கிழமைச் சாப்பாடு.

"இஞ்சை நாக்கு நல்லாச் சமைப்பினமாம்," என்றேன்.

பேழைக்குள் இருந்தது புனிதரின் அழியாத நாக்கு. அது அங்கே என்னைத் தவிர எல்லாருக்கும் சிறு வயதிலிருந்தே தெரியும். வின்டர்தூரிலிருந்து வந்த அக்கா ஒருவர் மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டார். மனைவி குனிந்து நின்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறி எட்டிப் பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

பஸ் ஏறியதிலிருந்து வாயே திறக்காத ஒரு நெட்டை அண்ணை அப்போது என்னருகே வந்தார்.

"தம்பி, நான் லுகானோவிலை இருவது வருசம் இருந்தனான்."

"அப்ப உங்களுக்கு இத்தாலியன்?"

"ஓம், நல்லா விளங்கும்."

"ஏன் அண்ணை பேசாமல் நிண்டனீங்கள்?"

"அந்த மனுசி சொன்னதிலும் நீர் சொன்னது நல்லாயிருந்தது. குழப்ப மனம் வரேல்லை."

இனி நீங்களே சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். சனத்துக்கு முன் குரல் வராதாம். "நான் காதுக்குள்ளை சொல்லுறன். நீர் கத்தும்."

பிற்பகல் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அந்தக் காலத்தில் மருத்துவ மாணவர் பிணத்தை அறுத்துப் படித்த மரக்கூடம் ஒன்று, புனல்போலப் படிப்படியாக மேலே விரிந்து கிடந்தது. கத்தி, மேசை, இறைச்சி என்று ஆசிரியை தொடங்க, அண்ணையைக் கையமர்த்திவிட்டு ஒரு சொல் விடாமல் நானே மொழிபெயர்த்தேன். இரண்டு பேர் வெளியே போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

முற்றத்தில் மாடிப்படியடியில் ஒரு பெண்ணின் கற்சிலை. அண்ணை முணுமுணுக்க நான் உரத்துச் சொன்னேன்: "உலகத்திலை முதன்முதல் கலாநிதிப் பட்டம் எடுத்த பொம்பிளை இவதானாம். இறையியல்தான் கேட்டவ. பொம்பிளைக்குக் குடுக்க ஏலாது எண்டு ஆயர் மறிச்சிட்டார். பிறகு மெய்யியலிலை எடுத்தவ. ஏழு பாசை தெரியுமாம்."

"வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ," என்றார் மனைவி. "ஏழும் உண்மையாத் தெரியுமோ, இல்லாட்டி உங்களைப் போலையோ?"

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. அக்காமார் எல்லாரும் அந்தப் பெண்ணோடு படமெடுக்க வரிசையாக நின்றார்கள். மனைவி முதலாவது ஆள். அத்தனை பேரின் கைபேசிகளும் என் இரண்டு கைகளில்.